டாலர்-யென் டெய்லி சார்ட்: வாரத்துக்கு ஐந்து கேண்டிலா, ஆறா?

ஈசூன்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வேலை, நடுவில் போனை எடுக்கக்கூட முடியாது, அதனால் டெய்லி சார்ட்டை மட்டும் வைத்து டாலர்-யென்னில் ஸ்விங் டிரேட் செய்யலாம் என்று இருக்கிறேன். ஒரு டிரேடை நாலைந்து நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை வைத்திருப்பது திட்டம். இரண்டு புரோக்கர்களின் டெமோ கணக்கை அருகருகே திறந்து பார்த்தால் ஒன்றில் வாரத்துக்கு ஐந்து கேண்டில் (ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பட்டை), இன்னொன்றில் ஆறு. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று குட்டியாக ஒன்று நிற்கிறது. ஒரே ஜோடி, ஒரே நாள், ஆனால் ஒன்றில் அழகான பின் பார் (விலை ஒரு பக்கம் நீண்டு போய்த் திரும்பியதைக் காட்டும் கேண்டில்), இன்னொன்றில் சாதாரண சிவப்புக் கேண்டில். எதை நம்புவது? அப்புறம், ஸ்டாப் லாஸ் (நஷ்டம் இந்த அளவு வந்தால் தானாக வெளியேறும் ஆர்டர்) 40, 50 பிப் (யென் ஜோடியில் ஒரு பிப் 0.01 யென்) போதும் என்று நிறைய வீடியோக்களில் சொல்கிறார்கள். டெய்லி சார்ட்டுக்கு அது சரிதானா? கணக்கில் 3,000 அமெரிக்க டாலர் போடப் போகிறேன்.

நாள்முடிவு:
ஐந்து கேண்டில் உள்ளதையே எடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரு நாள் முடிவது நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு. ஸ்வாப் (இரவு தாண்டி வைத்திருந்தால் சேரும் அல்லது கழியும் வட்டி) கணக்கு மாறுவதும் அந்த நேரத்தில்தான். ஐந்து கேண்டில் காட்டும் புரோக்கர் தன் சர்வர் கடிகாரத்தைக் குளிர்காலத்தில் கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி முன்னாலும் கோடையில் மூன்று மணி முன்னாலும் வைத்திருப்பார், அப்படி வைத்தால் சர்வரின் நள்ளிரவும் நியூயார்க் 5 மணியும் ஒன்றாகிவிடும். கிரீன்விச் நேரத்திலேயே ஓடும் சர்வரில், ஞாயிறு மாலை நியூயார்க் நேரப்படி சந்தை திறந்ததிலிருந்து நள்ளிரவு வரை கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். நீங்கள் பார்க்கும் குட்டிக் கேண்டில் அதுதான்.

பார்ப்பதற்குத்தான் சின்ன விஷயம். உண்மையில் அது எல்லாக் கணக்கையும் கெடுக்கும். 14 நாள் ஏ.டி.ஆர். (ஒரு நாளில் விலை ஆடும் சராசரி அளவு) எடுத்தால் அதற்குள் இரண்டு மூன்று ஞாயிறு கேண்டில் விழும், சராசரி குறையும், அதை நம்பி வைக்கும் ஸ்டாப் தேவைக்கும் குறைவாக இருக்கும். 20 நாள் மூவிங் ஆவரேஜ் (கடைசி 20 நாள் விலையின் சராசரி) என்று நினைத்துப் பார்ப்பதும் உண்மையில் 17 நாள் அளவுக்குத்தான் வரும்.

ஸ்டாப் விஷயத்தில் அந்த வீடியோக்களை விட்டுவிடுங்கள். டாலர்-யென் ஒரு சாதாரண நாளிலேயே 100 பிப்புக்கு மேல் ஆடக்கூடிய ஜோடி. 40 பிப் ஸ்டாப் வைத்தால் உங்கள் கணிப்பு சரியாக இருந்தாலும் மதியத்துக்குள் வெளியே தள்ளிவிடும். முதலில் சார்ட்டைப் பார்த்து ஸ்டாப் எங்கே என்று முடிவு செய்யுங்கள், லாட் அளவு (எவ்வளவு வாங்குவது, விற்பது என்பது) அதிலிருந்து வரவேண்டும். ஏ.டி.ஆர். 120 பிப் என்று வைத்துக்கொள்வோம், ஸ்டாப் அதில் ஒன்றரை மடங்கு, 180 பிப். மைக்ரோ லாட்டில், அதாவது 1,000 டாலரில், ஒரு பிப் என்பது 10 யென். விலை 150 என்றால் கிட்டத்தட்ட ஏழு சென்ட். அப்படியானால் 180 பிப் போனால் ஒரு மைக்ரோ லாட்டுக்கு 12 டாலர் நஷ்டம். ஒரு டிரேடில் 3,000 டாலரில் ஒரு சதவீதம்தான் இழக்கலாம் என்று வைத்தால் 30 டாலர், ஆக இரண்டு மைக்ரோ லாட், அதற்கு மேல் வேண்டாம். பலருக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும், அதனால்தான் லாட்டைப் பெரிதாக்கிவிட்டு ஸ்டாப்பைச் சுருக்குகிறார்கள்.

செல்வி_ம:
மேலே சொன்னதோடு ஸ்வாப்பையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பவருக்கு அது முக்கியம். டாலர்-யென்னை விற்றால், டாலர் வட்டியைக் கொடுத்து யென் வட்டியை வாங்குகிறீர்கள். 2024 கோடையில் அமெரிக்க வட்டி 5.25 முதல் 5.50 சதவீதம், ஜப்பானில் பூஜ்யத்தை ஒட்டி. விற்று வைத்திருந்தவருக்கு தினமும் இரண்டு பிப் அளவுக்குக் கழியும், புரோக்கரின் கமிஷன் தனி. மூன்று வாரத்தில் 40 பிப்புக்கு மேல். அதற்குப் பிறகு செப்டம்பர் 2024-இல் அமெரிக்கா குறைக்கத் தொடங்கியது, ஜனவரி 2025-இல் ஜப்பான் 0.5 சதவீதத்துக்கு ஏற்றியது, இடைவெளி சுருங்கியிருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. புதன்கிழமை முடிவைத் தாண்டி வைத்திருந்தால் மூன்று நாள் ஸ்வாப் ஒரே இரவில் விழும், ஏனென்றால் செட்டில்மென்ட் (பணம் உண்மையில் கைமாறுவது) இரண்டு வேலை நாள் கழித்து, நடுவில் வார இறுதி வருகிறது. புதன் இரவு திடீரென்று கணக்கில் குறைந்தால் பயப்படாதீர்கள்.

இன்னொன்று, வாங்கி வைத்தால் ஸ்வாப் நம் பக்கம் வருகிறதே என்று அதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஜூலை 2024 தொடக்கத்தில் டாலர்-யென் 161-க்கு மேல் இருந்தது. ஜப்பான் வங்கி ஜூலை 31 அன்று வட்டியை 0.25 சதவீதம் ஆக்கியது, ஆகஸ்ட் 5 அன்று 142-க்குக் கீழே தொட்டது. அதே நாள் ஜப்பான் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பல வருட வட்டி ஒரு மாதத்தில் போய்விடும்.

கோவை_கணக்கு:
ஒரு ஜோடியை எடுத்தால் அதன் குணத்தையும் சேர்த்து எடுக்கிறோம். டாலர்-யென்னின் குணம் ஜப்பான் நிதி அமைச்சகம். 2022 செப்டம்பர் 22 அன்று, 1998-க்குப் பிறகு முதல்முறையாக யென்னை வாங்க இறங்கினார்கள், விலை 145-க்கு மேலிருந்து அன்றே 140 பக்கம் வந்தது. 2024 ஏப்ரல் 29 அன்று டோக்கியோவில் விடுமுறை, ஆளில்லாத சந்தையில் 160-ஐத் தாண்டியது, சில மணி நேரத்தில் 155-க்கும் கீழே. டெய்லி சார்ட்டில் இதெல்லாம் ஒற்றைக் கேண்டில், உள்ளே இருந்தவருக்கு 500 பிப். இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்டாப் நீங்கள் வைத்த விலையில் நிறைவேறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் புதிய உச்சத்துக்குப் போய், அமைச்சர்கள் எச்சரிக்கை விடத் தொடங்கிய பிறகு, சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: வெளிநாட்டு இணையப் புரோக்கருக்கு மார்ஜின் பணம் (டிரேடுக்கான முன்பணம்) அனுப்புவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தவறு. ரிசர்வ் வங்கி 2022-இல் இருந்து அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலே வெளியிடுகிறது. தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.-யில் டாலர்-யென் ஃபியூச்சர் (முன்பேர ஒப்பந்தம்) இருக்கிறது, லாட் 1,000 டாலர், ஆனால் வாங்க விற்க ஆள் குறைவு. டாலர்-ரூபாய்க்கு மே 2024 முதல் உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்கவேண்டும் என்ற விதி உண்டு, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ஈசூன்வாசி:
மூவருக்கும் நன்றி. ஆறு கேண்டில் கணக்கை மூடிவிட்டேன். கடைசியாக ஒன்று: நாள் முடியும்போதே என்ட்ரி எடுக்கவேண்டுமா? இங்கே அது விடிகாலை 5 மணி, குளிர்காலத்தில் 6.

நாள்முடிவு:
வேண்டாம், அந்த நேரத்தில் ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) விரிந்து கிடக்கும். ஆறரை, ஏழுக்கு எழுந்து, முடிந்த கேண்டிலைப் பார்த்து, லிமிட் ஆர்டரும் (குறித்த விலை வந்தால் மட்டும் நிறைவேறுவது) ஸ்டாப்பும் டார்கெட்டும் சேர்த்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். டெய்லி சார்ட்டில் ஒரு மணி நேரத் தாமதம் பெரிதாக எதையும் மாற்றாது. ஜப்பான் வங்கிக் கூட்டம் முடியும் நாளில் மட்டும் புது ஆர்டர் போடாதீர்கள், அறிவிப்பு பெரும்பாலும் டோக்கியோ மதியத்தை ஒட்டி வரும், குறித்த நிமிடம் கிடையாது, நீங்கள் அப்போது வேலையில் இருப்பீர்கள். வருடத்துக்கு எட்டுக் கூட்டம்தான், தேதிகள் முன்கூட்டியே வங்கியின் தளத்தில் இருக்கும்.