கீஸ்டோன் கரெக்‌ஷன்: 'சரிவகத் திருத்தம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீழ்த்தியின் (புரொஜெக்டரின்) பட்டியில் (மெனுவில்) வரும் கீஸ்டோன் கரெக்‌ஷனுக்கு, அதாவது கோணலாக விழும் படத்தைச் செவ்வகமாக்கும் வசதிக்கு, 'தலைக்கல் திருத்தம்' என்ற தமிழ்ப் பெயரை முன்பு இங்கே ஐயா ஒருவர் சொல்லியிருந்தார். கட்டட வளைவின் உச்சியில் ஆப்பு மாதிரி செருகும் கல்லைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் வகுப்பறையில் ரிமோட்டோடு நிற்கும் ஆசிரியருக்கு அந்தக் கல் நினைவுக்கு வராது.

என் பரிந்துரை 'சரிவகத் திருத்தம்'. மேசைமேல் இருக்கும் வீழ்த்தியின் முன்காலைத் தூக்கி வைத்தால், சுவரில் மேல் விளிம்புக்கு ஒளி அதிகத் தூரம் போக வேண்டியிருக்கும். அதனால் படம் மேலே அகன்று கீழே குறுகும், செவ்வகம் சரிவகமாகிவிடும். இது பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எல்லோரும் படித்த சொல். அதைச் சொல்லும்போது 'சரிவு' காதில் விழுவதும் நல்லதுதான், கோளாறுக்குக் காரணமே வீழ்த்தியின் சாய்வு.

அப்புறம், படத்தின் வடிவத்தைத் திருத்துவதையும் வெளிச்சத்தைத் திருத்துவதையும் 'படச் சீரமைப்பு' என்று ஒரே சொல்லில் அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. மேல் விளிம்பு 10% அகன்றால், படம் உயரவாக்கில் இன்னும் அதிகமாக இழுபடும். அங்கே ஒரு படப்புள்ளி (பிக்சல்) பிடிக்கும் பரப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே ஒளி அவ்வளவு இடத்தில் பரவுவதால் மேல்பகுதி மங்கும். சரிவகத்தைத் திருத்தினாலும் இந்த மங்கல் போகாது. திருத்தம் செய்வது படப்புள்ளிகளில் சிலவற்றை அணைத்துப் படத்தைச் சுருக்குவது மட்டுமே. இருட்டறையில் பாருங்கள், நேரான படத்தின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒல்லியான ஆப்பு தெரியும். அணைந்த புள்ளிகள் வழியே கசியும் ஒளி அது.

வெளிச்சம் மிகுந்த பகுதியைத் தணித்து, மங்கிய பகுதிக்கு இணையாக்கும் வசதி சில வீழ்த்திகளில் தனியாக உண்டு. அதை 'ஒளிச்சீராக்கம்' என்பேன். 'பிரகாசம்' வேண்டாம், முழுப் படத்தையும் கூட்டிக் குறைக்கிற பொத்தானுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

வீழ்த்தியைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் சரிவகம் இடவலமாக வரும். அதற்குக் 'கிடைச் சரிவகம்', முதலில் சொன்ன மேல்கீழ்ச் சரிவகத்துக்கு 'நெடுஞ்சரிவகம்' என்று வைக்கலாமா? 'செங்குத்துச் சரிவகம்' பட்டியில் ஒரே வரியில் அடங்குமென்றால் எனக்கு அதுவும் சம்மதம்தான்.