கலைச்சொல்: மா அளக்க ஒரு சொல் – ‘அடர்த்தி’ போதுமா?

வணக்கம்.
சமையற் குறிப்பில் கிராமைச் சுண்டாகவும் (அரிசி, மா அளக்கும் வீட்டுத் தகரப்பேணி) சுண்டைக் கிராமாகவும் மாற்றும் எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘அடர்த்தி’ என்றே வைத்துவிடலாமா?

மறுமொழி 1

வைக்கக்கூடாது. திரவங்களுக்கு அடர்த்தி சரிவரும். தேங்காயெண்ணெய் மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 0.92 கிராம், தேன் 1.4, எப்படி வார்த்தாலும் மாறாது. மா அப்படியல்ல. மாத்துணிக்கை நீரைவிடக் கனமானது, ஆனால் துணிக்கைகளுக்கிடையே காற்று நிற்கிறது. 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் கோதுமை மாவைக் கரண்டியால் தூவி மட்டந்தட்டினால் 125 கிராம் அளவில் இருக்கும். கோப்பையைப் பைக்குள் விட்டுக் கோரினால் 150 ஆகிவிடும். அதே மா, அதே கோப்பை, ஐந்திலொரு பங்கு கூடுதல்! தண்ணீரைக் கூட்டாமல் இந்த மாவைக் குழைத்தால் இடியப்ப உரலில் பிழியவே வராது.

ஆகவே பாத்திரம் கொண்டதைச் சொல்லும் சொல் வேண்டும். கொள்ளளவு ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அதன் வழியில் ‘கொள்நிறை’ என்கிறேன். ‘கொள்முதல்’ போல, புணர்த்தாமல் எழுதலாம்.

மறுமொழி 2

‘நிறை’யில் ஒரு சிக்கல். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் கிராமில் அளப்பது திணிவு, நியூற்றனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டிலோ கிராமுக்குரியது நிறை, நியூட்டனுக்குரியது எடை. ஆனாலும் சந்தையில் மரக்கறியை நிறுத்துத்தான் வாங்குகிறோம். அடுப்படிச் சொல்லுக்கு அந்த வழக்கே போதும். ‘கொள்திணிவு’ வாயில் நுழையாது.

இன்னொன்று: இங்கே இரண்டு அளவுகள் கலக்கின்றன. ஒரு குறித்த பேணி கொண்ட கிராம் கொள்நிறை. மில்லிலீற்றருக்கு இத்தனை கிராம் என்பது வேறு. அதற்குப் ‘பொதியடர்த்தி’ பொருந்தும். பொதியடர்த்தியைக் கொள்ளளவால் பெருக்கினால் கொள்நிறை. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

சுண்டு வீட்டுக்கு வீடு வேறுபடும், ஆகையால் முதலில் அதை அளக்க வேண்டும். வெறும் பேணியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்பு மட்டம் தண்ணீர் நிரப்புங்கள். காட்டும் கிராமே மில்லிலீற்றர். பேணியை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் மா ஒட்டும். பிறகு மாவைத் தூவி, பேணியைத் தட்டாமல் கத்தி முதுகால் வழித்து நிறுங்கள். தண்ணீர் 280, மா 140 என்று வந்தால் பொதியடர்த்தி 0.5. மூன்று தரம் நிறுத்துச் சராசரி எடுப்பது நல்லது, கை ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி தூவாது.

ஒடியல் மா, குரக்கன் மா, உழுத்தம்மா எல்லாவற்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவித்து அரித்த மாவும் தனிப் பொருள்தான்: அவிக்கையில் ஈரம் ஏறுகிறது, அரிக்கையில் காற்று ஏறுகிறது. பச்சை மாவின் எண்ணை அதற்குப் போட்டால் பிழைக்கும்.

மறுமொழி 3

இரண்டு சொற்களுக்கும் உடன்படுகிறேன். எண்ணோடு நிலையையும் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும்: தூவிய, கோரிய, தட்டிய. ‘மா, தூவிய கொள்நிறை 140 கிராம்’ என்று எழுதினால் ஐயமிராது. துருவிய தேங்காய்ப்பூவுக்கு ‘அமுக்காத’.

கரண்டிக்கும் கோப்பைக்கும் மில்லிலீற்றர் கட்டாயம் போடுங்கள். மேசைக்கரண்டி பல நாடுகளில் 15, அவுஸ்திரேலியாவில் 20. அமெரிக்கக் கோப்பை 240 அளவில் நிற்கும். உப்பில் இன்னும் கவனம் தேவை: 5 மில்லிலீற்றர்த் தேக்கரண்டித் தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம், கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதே கரண்டியில் குறைவாகவே நிற்கும். உப்புக்கு மட்டும் கொள்நிறையை விட்டுவிட்டு நேரே கிராமிலேயே குறிப்பெழுதலாம் என்பது என் எண்ணம்.