பைஃபோல்ட் கதவு கார்பெட்டில் உரசுகிறது, அடியை அறுக்கலாமா?

எடிசன்வாசி

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீடு 1978-ல் கட்டியது. மாடியில் இருக்கும் சின்ன அறையை அம்மாவுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் கும்பகோணத்திலிருந்து வருகிறார், ஆறு மாதம் இருப்பார். அந்த அறையின் க்ளாசெட்டுக்கு, அதாவது சுவருக்குள் இருக்கும் துணி அலமாரிக்கு, கதவே இல்லை. முன்பு இருந்தவர்கள் ஒரு திரையை மாட்டி விட்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் ஒரு வருடம் ஆகிறது. எதையும் வெடுக்கென்று இழுக்க முடியாது. இடது கையால் லேசாக இழுத்தாலே திறக்க வேண்டும், புடவை அடுக்கு முழுவதும் கண்ணில் பட வேண்டும் என்றுதான் பைஃபோல்ட், அதாவது நடுக்கீலில் மடிந்து திறக்கும் கதவு, வாங்கினேன். 30 அங்குலம், இரண்டு பலகை, உள்ளே கூடாக இருக்கிற வகை. கதவின் உண்மையான அகலம் 29½.

வாசலை அளந்தது: மேலே 30, நடுவில் 29⅞, கீழே 29¾. மரநிலை கிடையாது, ட்ரைவாலே (சுவரில் அடிக்கிற ஜிப்சம் பலகை) உள்பக்கம் மடிந்து நிற்கிறது. தரையில் கார்பெட்.

கதவின் உருளை ஓடும் ட்ராக்கை மேலே முடுக்கிவிட்டேன். கீழே எல் வடிவப் பிடியை, பெட்டியோடு வந்த ஸ்க்ரூவைப் போட்டு, கார்பெட்டின் மேலேயே வைத்து முடுக்கினேன். கதவை மாட்டியதும் நன்றாகத்தான் இருந்தது. பத்து தடவை திறந்து மூடிய பிறகு முன் பலகையின் அடி கார்பெட்டில் உரச ஆரம்பித்தது. இப்போது பாதி திறக்கும்போதே மேலே இருக்கிற உருளை ட்ராக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது. நேற்று என் தலையில் விழப் பார்த்தது.

அடியில் அரை அங்குலம் அறுத்துவிடலாமா? வட்ட ரம்பம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அம்மா கையில் இது கழன்று வந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பழைய_இழைப்புளி

தம்பி, ரம்பத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அறுத்தால் உரசல் நிற்கும், ஆனால் உருளை இன்னும் சுலபமாகக் கழலும்.

முதலில் ஒரு சோதனை. கதவைக் கழற்றிவிட்டு, அந்த எல் பிடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் அதுதான். பைஃபோல்ட் கதவின் எடை மேலே தொங்குவதில்லை. ஏறக்குறைய மொத்த பாரமும் கீழே எல் பிடியில் உட்கார்ந்து கதவைச் சுழல விடுகிற அந்த ஒரு முளையில்தான் நிற்கிறது. மேலே இருக்கிற முளையும் உருளையும் ஸ்பிரிங் வைத்தவை, கதவை நேராகப் பிடித்துக்கொள்ள மட்டுமே. கதவு கால் அங்குலம் கீழே இறங்கினால் அடி உரசும். மேலே ஸ்பிரிங் எட்டுகிற மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, எட்டாதபோது உருளை நழுவிவிடும்.

பெட்டியோடு வருகிற ஸ்க்ரூ முக்கால் அங்குலம் இருந்தால் அதிகம். கார்பெட், அதன் அடியில் பஞ்சு மெத்தை, இரண்டையும் தாண்டி அது மரத்தைத் தொட்டிருக்காது. பக்கவாட்டில் ட்ரைவாலே அரை அங்குலம், அதற்குப் பின்னால்தான் கட்டை.

செய்ய வேண்டியது: பிடி உட்காரும் அளவுக்குக் கார்பெட்டையும் மெத்தையையும் கத்தியால் சதுரமாக வெட்டி எடுங்கள். கார்பெட் உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் துண்டை அந்தக் குழியில் வைத்துத் தரையோடு முடுக்குங்கள். மாடி என்பதால் அடியில் மரத்தளம்தான் இருக்கும். அதன் மேல் பிடியை வைத்து, ஒன்றரை அங்குல ஸ்க்ரூ கீழே இரண்டு, பக்கவாட்டில் கட்டையைப் பிடிக்கிற மாதிரி ஒன்று.

ஆனால் பிடியின் இடத்தைக் கண்ணால் பார்த்து உத்தேசமாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாசல் கீழே கால் அங்குலம் குறுகுகிறது, அதாவது சுவர் சாய்ந்திருக்கிறது. சுவரை நம்பி அளந்தால் கதவும் சாயும். மேல் முளை உட்காரும் ஓட்டையின் நடுவிலிருந்து தையல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு ஆடி அடங்கும் வரை காத்திருங்கள், அவசரம் வேண்டாம். அது நிற்கிற இடத்துக்கு நேர் கீழேதான் அடி முளை வர வேண்டும். என் அப்பா ஊரில் நிலை வைக்கும்போது தூக்குக்குண்டு இல்லாமல் ஒரு ஆணி அடிக்க மாட்டார். ரசமட்டம் இருந்தாலும் நூலைத்தான் நம்புவார்.

கதவை மாட்டிய பின் உயரம் போதவில்லை என்றால் அடி முளையைத் திருகி ஏற்றலாம். பலகையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள், பாரத்தோடு திருகினால் மரத்துளை அகண்டுபோகும். பக்கவாட்டில் நகர்த்த, மேலே ட்ராக்குக்குள் இருக்கும் பிடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உரசினால் மட்டும் அறுங்கள். கூடான கதவில் அடியில் ஒரு கட்டைதான் ஓடுகிறது. அதை முழுக்க அறுத்துவிட்டால் முளைக்குப் பிடிமானம் போய்விடும்.

கலா_டாலஸ்

அண்ணா சொன்னது எல்லாம் சரி. கைப்பிடியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் என் மாமியாருக்கும் தோள்பட்டைதான்.

எங்கள் வீட்டில் முன்பு குமிழை முன் பலகையின் வெளி ஓரத்தில் போட்டிருந்தார்கள். சாதாரணக் கதவுக்கு அது சரி. பைஃபோல்டில் அந்த ஓரம் ட்ராக்கோடு பக்கவாட்டில் போகுமே தவிர நம்மை நோக்கி வராது. மடிகிற இடம் நடுக்கீல். அதனால் முன் பலகையிலேயே நடுக்கீலுக்குப் பக்கத்துச் சட்டத்தில் மாற்றினேன். அங்கே உள்ளே கட்டை இருப்பதால் ஸ்க்ரூவும் இறுகப் பிடிக்கும். உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நான்கு விரலும் நுழைகிற கைப்பிடியாகப் போடுங்கள். உயரத்தை முழங்கைக்குக் கீழே வையுங்கள், தோளைத் தூக்க வேண்டியிருக்காது.

ட்ராக்கில் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசுபிசுக்கும். மெழுகுவர்த்தியை உள்ளே தேய்த்துவிடுங்கள், போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னொன்று: மூடும்போது இரண்டு பலகைக்கும் நடுவே விரல் மாட்டும். என் மகனுக்கு நகம் கறுத்துப்போனது.

எடிசன்வாசி

அண்ணா, பிடியை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரலுக்கே கால் அங்குலம் அமுங்கியது! ஸ்க்ரூவைக் கழற்றினால் நுனியில் பஞ்சு சுற்றியிருந்தது, மரத்தூள் ஒரு துளி இல்லை.

ப்ளைவுட் துண்டு வைத்தாகிவிட்டது. நூல் கட்டிப் பார்த்ததில் நான் முன்பு வைத்த இடம் கால் அங்குலம் தள்ளியிருந்தது. கதவை மாட்டி, முளையை மூன்று சுற்று ஏற்றினேன். இப்போது கார்பெட்டுக்கு மேலே அரை அங்குலம் இடைவெளி. முன் பலகையின் ஓரம் கீழே சுவரை லேசாகத் தொட்டது, அதை மட்டும் இழைத்துவிட்டேன். ரம்பம் தேவைப்படவில்லை.

கலா, நீங்கள் சொன்ன இடத்தில் கைப்பிடி போட்டேன். அம்மாவின் உயரம் நாலு அடி பத்து. ஊரில் அக்காவிடம் சொல்லி, அம்மாவை நிற்க வைத்துத் தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அனுப்பச் சொன்னேன். 36 அங்குலம் வந்தது. கைப்பிடியை 34-ல் வைத்திருக்கிறேன். இடது கையின் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. நாற்பது தடவை திறந்து மூடினேன், உருளை அசையவில்லை. இனி உள்ளே புடவைக்குத் தட்டு அடிக்க வேண்டும்.