அப்டேட்: பிக்காசோவோட 'எளிய உணவு' எச்சிங், அந்தப் புல்லு மாதிரி கோடுங்க

எச்சிங்னா உலோகத் தகட்டுல அமிலத்தால கோடு அரிச்சு, மை பூசித் தாள்ல அச்செடுக்கிற படம். போன வாரம் கேட்டிருந்தேன்ல, இந்தப் படத்துல மேசையில உக்காந்திருக்கிற ஏழை ஜோடிக்குப் பின்னாடி மங்கலா புல்லு மாதிரி தெரியுதே அது என்னன்னு, அதுக்கு விடை கிடைச்சிருச்சு. 1904ல பாரிஸ், மோன்மார்த்ர்ல இதைச் செய்யும்போது பிக்காசோவுக்கு 22 வயசு, புதுத் தகடு வாங்கவே காசில்ல, அதனால வேற ஒருத்தர் இயற்கைக் காட்சி வரைஞ்சிருந்த பழைய துத்தநாகத் தகட்டைச் சுரண்டிட்டு அதுலயே வரைஞ்சிருக்கார், முழுசா அழியாத மிச்சம்தான் அந்தப் புல்லு. வறுமையைப் பத்தின படத்துல வரைஞ்சவரோட வறுமையும் ஒட்டிக்கிட்டு இருக்கு, எனக்கு மனசே கனத்துப் போச்சு.

சில பிரதி கருப்பா ஆழமா, சிலது வெளுப்பா ஏன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. முதல்ல எடுத்தது ரொம்பக் கொஞ்சம், அதுங்கதான் கருப்பா ஆழமா இருக்கும். 1913ல வொல்லார்ங்கிற பாரிஸ் ஓவிய வியாபாரி தகட்டுக்கு மேல இரும்புப் பூச்சு போட்டு 250 பிரதி அடிச்சார், பூச்சு போட்டா தகடு தேயாது, ஆனா மையோட அந்த அடர்த்தி குறையும்.

முடிஞ்சா பெருசாக்கி அந்தக் கண்ணு தெரியாத ஆளோட விரலைப் பாருங்க, எலும்பா நீண்டு பக்கத்துல இருக்கிற பொண்ணோட தோளைப் பிடிச்சிருக்கு, முன்னாடி தட்டு காலி, சாப்பிட ஒரு துண்டு ரொட்டி மட்டும்.