செக் திரும்பி வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் சரக்குக்குக் கொடுத்த செக், கணக்கில் பணம் இல்லையென்று திரும்பி வந்தது. போன் செய்தால், "மாசக் கடைசியில மறுபடி போடுங்கம்மா, கண்டிப்பா பாஸாகிடும்" என்றார். குரலில் அவ்வளவு பணிவு!

வக்கீலிடம் போனேன். எவ்வளவு தொகை, ஆள் யார் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். செக் ஏன் திரும்பியது என்று வங்கி எழுதிக் கொடுத்த ரிட்டர்ன் மெமோவை வாங்கி, "இது உங்க கைக்கு எப்ப வந்தது?" என்று கேட்டு, மெமோவின் ஓரத்திலேயே பேனாவால் தேதியைக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதற்குள் கட்டவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இப்படிச் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு முழுக்க இந்த நாள் கணக்கில்தான் நிற்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் புகாரை ஏற்கலாம். ஆனால் நோட்டீஸுக்கான 30 நாளில் அந்தச் சலுகை கிடையாது.

மறுபடி போடவே கூடாதா என்றால், போடலாம். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். திரும்பினால் புது மெமோவிலிருந்து புதுக் கணக்கு. ஆபத்து எங்கே என்றால், "இந்த வாரம், அடுத்த வாரம்" என்ற பேச்சிலேயே அந்த மூன்று மாதமும் 30 நாளும் கரைந்துவிடுவதில்தான். பணிவாகப் பேசுகிறவரிடம் கடுமை காட்ட நமக்கு மனசு வராது. நோட்டீஸ் அனுப்புவது கடுமை இல்லை, நம் உரிமையைக் காப்பாற்றிக்கொள்வது. அனுப்பிவிட்டும் சமாதானம் பேசலாம்.

நோட்டீஸ் வாங்க மறுத்ததாகத் தபால் திரும்பி வந்தது. எனக்குப் பதற்றம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போயிருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்றார் வக்கீல். அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வைத்தோம். புகாரையும் வியாபாரியின் ஊருக்குப் போய்ப் போட வேண்டியிருக்கவில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டே போதும்.

சம்மன் போனதும் ஆள் வந்தார். மக்கள் நீதிமன்றத்தில் தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த உத்தரவு சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம். தவணை தவறினால், அதை அமல்படுத்தச் சொல்லி நேரே நிறைவேற்று மனு போடலாம்.

பதில்:

அக்கா, நாங்கள் நோட்டீஸ் வாங்கிய பக்கம். அப்பா கடன் வாங்கியபோது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கில், கடனை அடைத்த பிறகு ஒரு பெரிய தொகையை எழுதி வங்கியில் போட்டுவிட்டார்கள். "பொய் கேஸ்தானே, பதில் எதுக்கு" என்றார் அப்பா. ஆனால் கையெழுத்து நம்முடையதென்றால், கடன் இருந்ததாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு நம்மீது. அதனால் 15 நாளுக்குள் வக்கீல் மூலம் விவரமாகப் பதில் அனுப்பினோம். வங்கி வழியாகத் தவணை கட்டிய பாஸ்புக் பக்கங்கள்தான் எங்களுக்குக் கை கொடுத்தன. கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்:

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து நாளைக் கடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். என் தங்கை அப்படித்தான் போனாள். மெமோவையும் செக்கையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கேயும் முதல் கேள்வி தேதிதான்.