நிலக்கரி மின்சாரம்: சுரங்கம் முதல் சாம்பல் வரை ஒரு யூனிட்டின் கணக்கு என்ன?

மாடிவீடு:
மாடியில் சோலார் போடலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தாலே மாமா, "பேனல் செய்ய எரித்த கரியை அது ஆயுசுக்கும் திருப்பித் தராது" என்று அடித்துச் சொல்கிறார். சரி, பேனலுக்கு ஆதி முதல் அந்தம் வரை கணக்குப் பார்ப்பதென்றால் இப்போது வீட்டுக்கு வரும் அனல் மின்சாரத்துக்கும் அப்படியே பார்க்க வேண்டும்தானே? நாங்கள் மீஞ்சூர் பக்கம், வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இங்கிருந்தே தெரியும். கரி எரிவதற்கு முன்னும் பின்னும் என்னென்ன சேர்க்க வேண்டும், அதில் எது பெரிது? எண்களோடு சொல்லுங்கள்.

வெப்பக்கணக்கு:
ஆற்றலில் இருந்து தொடங்குகிறேன். ஒடிசாவின் தால்சேர் கரி கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரிதான் தரும், பழைய நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ போகிறது. அதாவது வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் புகையோடும் குளிர்விக்கிற நீரோடும் போய்விடும், வந்ததிலும் கரி அரைக்கும் மில், ஃபேன், பம்பு என்று நிலையமே 6 முதல் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் சுரங்கத்தில் மேல்மண் அகற்றுவது, பாரதீப் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து எண்ணூருக்குக் கப்பல் (2001இல் அந்தத் துறைமுகம் வந்ததே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான்), அப்புறம் கன்வேயர். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 1999இல் இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த நாட்டின் சராசரி நிலையத்தில் செலவான 1 யூனிட் புதைபடிவ ஆற்றலுக்குக் கிடைத்த மின்சாரம் 0.29 யூனிட். கரி நிலையம் எத்தனை வருடம் ஓடினாலும் இந்தக் கடன் அடையாது, ஏனென்றால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் புதிதாகக் கரி வேண்டும். நம் வெயிலில் பேனல் தன்னைச் செய்ய ஆன ஆற்றலைச் சில வருடங்களிலேயே தந்துவிடும், ஆயுள் 25 வருடத்துக்குக் குறையாது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கார்பன் டை ஆக்சைடில், ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையின் இடைநிலை மதிப்பு, வாழ்நாள் முழுவதையும் சேர்த்து, யூனிட்டுக்குக் கரி 820 கிராம், கூரை சோலார் 41. நம்மூர் பழைய நிலையங்களில் அது ஒரு கிலோவை ஒட்டி வரும். இதில் மிகப் பெரும்பகுதி பாய்லரில் எரியும்போதே வருவது, ரயிலும் கப்பலும் சின்னப் பங்குதான்.

கழிமுகம்:
மேலே சொன்னது சரி, ஆனால் கார்பனை மட்டும் பார்த்தால் எங்கள் பக்கத்துப் பெரிய பிரச்சினை கண்ணில் படாது. இந்தியக் கரியில் சாம்பலே 30 முதல் 45 சதவீதம், அப்படியானால் யூனிட்டுக்குக் கால் கிலோ. மாதம் 200 யூனிட் ஓட்டுகிற வீட்டின் பெயரில் ஒரு சிமெண்ட் மூட்டை எடைக்குச் சாம்பல் எங்கோ சேர்கிறது. காயவைத்த நிலையிலேயே பிடித்து சைலோவில் சேர்த்த சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போய்விடும், அது நல்ல உபயோகம், மறுக்கவில்லை. தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவதுதான் சிக்கல். செப்பாக்கம் பக்கம் குழாய் கசிந்து கொசஸ்தலையாற்றின் படுகையில் சாம்பல் படிந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் 2022இல் தீர்ப்பும் வந்தது. ஆறு ஆழம் குறைந்தால் இறாலும் நண்டும் பிடிக்கிறவர் பிழைப்பு போகும், வெள்ளமும் ஊருக்குள் ஏறும். இதைக் கிராமில் எழுத எந்தக் கணக்கிலும் இடம் இல்லை, அதற்காக அது பூஜ்யம் ஆகிவிடாது.

மாடிவீடு:
இரண்டு பேருக்கும் நன்றி. கந்தகத்தைப் பிடிக்கும் எஃப்ஜிடி போட்டால் புகைப் பிரச்சினையாவது தீருமா?

வெப்பக்கணக்கு:
கந்தகத்துக்குப் பலன் உண்டு, அதற்கும் விலை உண்டு. சுண்ணாம்புக்கல்லை எங்கோ வெட்டி, அரைத்து, கொண்டுவந்து தெளிக்க வேண்டும். அது கந்தக டை ஆக்சைடோடு சேர்ந்து ஜிப்சம் ஆகும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறும், நிலையத்தின் சொந்த மின்செலவும் கூடும். இதைக் காரணம் காட்டி வேண்டாம் என்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, அந்தப் புகையில் உருவாகிற சல்ஃபேட் நுண்துகள் நேராக நுரையீரலுக்குப் போகிறது. 2015 விதி எல்லா நிலையத்துக்கும் வரம்பு வைத்தது, 2025 ஜூலையில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். டெல்லித் தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதி வரை கெடு.