பஸ்டர் கீட்டன் படங்களில் அவர் பெயரோடு சேர்ந்து வரும் இன்னொரு இயக்குநர்: உண்மையில் யார் இயக்கியது?

ரீல்பெட்டி:
ஊமைப்படக் கால அமெரிக்க நகைச்சுவை நடிகர் கீட்டனின் படங்களில் டைட்டில் கார்டுகள் ஒரே குழப்பம். 1920 'ஒன் வீக்'கில் எடி கிளைன் பெயரும் சேர்ந்து வருகிறது. 'நேவிகேட்டர்' என்றால் டொனால்ட் கிரிஸ்ப், 'ஜெனரல்' என்றால் கிளைட் பிரக்மன். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் சார்லஸ் ரைஸ்னர் பெயர் மட்டும்தான், கீட்டன் பெயரே இல்லை. இவர்கள் உண்மையிலேயே இயக்கினார்களா, பெயருக்கு இருந்தார்களா? இன்னொன்று: 'பிளேஹவுஸ்' படத்தில் ஒன்பது கீட்டன்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, 1921-ல் அதை எப்படி எடுத்தார்கள்?

கைச்சுற்று:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

அது கேமராவுக்குள்ளேயே செய்தது. நம்மூரில் இரட்டை வேடத்துக்கு மாஸ்க் ஷாட் என்பார்களே, அதன் ஒன்பது மடங்கு. லென்ஸுக்கு முன்னால் ஒரு பெட்டி. அதில் செங்குத்தாக ஒன்பது கதவுகள். ஒன்றை மட்டும் திறந்து ஒரு கீட்டனை எடுப்பது, மூடுவது, ஃபிலிமை ஆரம்பத்துக்கே திரும்பச் சுற்றுவது, அடுத்த கதவைத் திறப்பது. ஒரே நெகட்டிவ் ஒன்பது முறை ஓடும். எட்டு முறை சரியாக வந்து ஒன்பதாவதில் பிசகினால் முன்னால் எடுத்த எட்டும் குப்பைக்குத்தான். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் இணைப்புக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். அந்தக் கேமராவில் மோட்டார் இல்லை, கையால் சுற்றுவதுதான். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 ஃபிரேம், வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. ஒரு தடவை கொஞ்சம் வேகமாகவும் அடுத்த தடவை மெதுவாகவும் சுற்றினால், சேர்ந்து ஆட வேண்டிய இரண்டு கீட்டன்களில் ஒருவர் பின்தங்குவார். ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியின் கை கடிகாரம் மாதிரி. கீட்டன் பக்கத்தில் தாளம் பிசகாமல் இருக்க, மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) பார்த்து ஒருவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்க, அதற்கு ஆடினார்கள்.

இப்போது டைட்டில் விஷயம். அதே படத்தில் நாடக நோட்டீஸைக் காட்டுவார்கள், எல்லா வேலைக்கும் கீட்டன் பெயரே இருக்கும். எல்லாவற்றிலும் தன் பெயரைப் போட்டுக்கொண்ட தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸை அடித்த கிண்டல் அது. அவ்வளவு கிண்டல் செய்தபிறகு தன் பெயரையே பல இடத்தில் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது என்று கீட்டன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தக் கார்டுகளை வேலைப் பங்கீட்டுக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

இருட்டறை:
சேர்த்துக்கொள்ள வேண்டியது: இணை இயக்குநர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கிளைன் மேக் சென்னட்டின் நகைச்சுவைப் பட ஸ்டூடியோவான கீஸ்டோனிலிருந்து வந்தவர், நகைச்சுவை தெரிந்தவர். கீட்டன் கேமராவுக்கு முன்னால் இருக்கும்போது பின்னால் நின்று பார்க்க நம்பிக்கையான ஒரு கண் வேண்டும், அதுதான் அவர் வேலை. பின்னாளில் காமெடி நடிகர் டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸை வைத்து 'பேங்க் டிக்' (1940) எடுத்தவரும் இவரே. பிரக்மன் அடிப்படையில் காமெடி எழுத்தாளர். கிரிஸ்ப்பைக் கூப்பிட்டது நாடகத்தனமான காட்சிகளுக்கு. வந்தவர் தானும் காமெடி யோசனை சொல்ல ஆரம்பித்ததில் கீட்டனுக்கு எரிச்சல். 'காலேஜ்' (1927) ஜேம்ஸ் ஹார்னால் பிரயோஜனமே இல்லை என்று கீட்டன் சொல்லியிருக்கிறார். அதே ஹார்ன் பிறகு லாரல்-ஹார்டிக்கு 'வே அவுட் வெஸ்ட்' எடுத்தார், ஆக ஆள் மட்டம் இல்லை, கீட்டன் குழுவில் அவருக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

கீட்டன் பெயர் மட்டும் வருகிற 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) பாருங்கள், அவர் எப்படி யோசிப்பார் என்று தெரியும். கதையில் சினிமாத் திரைக்குள் நுழைந்துவிட்ட அவரைச் சுற்றித் தோட்டம், தெரு, பாறை, பனி என்று மாறிக்கொண்டே இருக்கும், அவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்பார். முதலில் தெரிவது திரையே இல்லை, திரை மாதிரி வெளிச்சம் போட்ட மேடை. அடுத்தடுத்த இடங்களுக்குப் போகும்போது முந்தைய ஷாட்டை அங்கேயே டெவலப் செய்து, சில ஃபிரேம்களை வெட்டி கேமரா கேட்டில் (லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் நிற்கும் இடம்) வைத்து, அதன் வழியாகப் பார்த்துக் கீட்டனைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தையும் அளந்துவிடுவார்கள். தூரம் மாறினால் ஆள் சட்டென்று பெரிதாகவோ சிறிதாகவோ தெரிவார், மாயம் போய்விடும்.

இந்தப் படத்தை முதலில் கீட்டனின் பழைய கூட்டாளியான நடிகர் ஆர்பக்கிள்தான் இயக்கினார், அவரை மனம் நோகாமல் கழற்றிவிட 'ரெட் மில்' படத்துக்கு அனுப்பினார்கள் என்ற கதையும் உலவும். 'ரெட் மில்' வந்தது 1927-ல். ஆண்டுக் கணக்கு இடிக்கிறது.

ரீல்பெட்டி:
நன்றி நண்பர்களே. ரைஸ்னர் மட்டும் பாக்கி. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டு முகப்பு அப்படியே கீட்டன் மேல் விழ, திறந்த ஜன்னல் வழியாக அவர் தப்புவாரே, அந்த ஷாட்டை அவர் எடுத்தாரா?

கைச்சுற்று:
அந்த ஷாட் எடுக்கும்போது ரைஸ்னர் கூடாரத்துக்குள் பிரார்த்தனையில் இருந்துவிட்டார் என்று சொல்வார்கள். பார்க்கத் தைரியம் வரவில்லையாம்.

ஷாட்டின் கணக்கு இது. சுவரின் சட்டத்தை முதலில் தரையில் படுக்கவைத்து, கீட்டன் நிற்கும் இடத்தைச் சுற்றி ஜன்னலைக் கட்டினார்கள். தோளுக்கு இருபுறமும் 2 அங்குலம், தலைக்கு மேல் 2, குதிகாலுக்குப் பின்னால் 2. குதிகால் வர வேண்டிய இடத்தில் தரையில் பெரிய ஆணிகள் அடித்து அடையாளம் வைத்தார்கள். காற்று இயந்திரங்கள் ஓடுகின்றன, லேசான தட்டி என்றால் விழும்போதே முறுக்கிக்கொள்ளும், 2 அங்குலம் காணாமல் போகும். அதனால்தான் முகப்பை வேண்டுமென்றே கனமாகச் செய்தார்கள், கிட்டத்தட்ட 2 டன். ரிகர்சல் பார்க்க முடியாத ஷாட். 'ஒன் வீக்'கிலும் இதன் சின்ன வடிவம் இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

இருட்டறை:
1928-க்குப் பிறகு கீட்டன் சறுக்கியதற்குப் பேசும்படம் வந்ததுதான் காரணம் என்று பொதுவாக எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. அவருடைய தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் ஒப்பந்தத்தை எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டூடியோவுக்கு மாற்றிவிட்டார். போகாதே என்று சாப்ளினும் ஹரால்ட் லாயிடும் சொன்னார்கள். அதுவரை கீட்டனுக்கு முழு ஸ்கிரிப்ட் பழக்கமே கிடையாது, தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி படப்பிடிப்பில் தானாக வரும். எம்ஜிஎம்மில் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வேண்டும், ஒப்புதல் வேண்டும். 'கேமராமேன்' (1928) படத்தை நியூயார்க் தெருவில் எடுக்கப் போனபோது கூட்டம் அடையாளம் கண்டு மொய்த்தது, வேலை நடக்கவில்லை. அதைக் காட்டித்தான் கதையைச் சுருக்கவும் இஷ்டப்படி எடுக்கவும் கொஞ்சம் இடம் வாங்கினார். நீச்சல்குளத்தில் இரண்டு பேர் ஒரே சின்ன அறையில் உடை மாற்றத் திணறுகிற காட்சி அப்படிக் கிடைத்தது. டைட்டிலில் எட்வர்ட் செட்ஜ்விக் பெயர்தான் இருக்கும், லெஸ்லி இன்னமும் கேமராவில் இருந்தார்.

அடுத்த 'ஸ்பைட் மேரேஜ்' (1929) ஒலியோடு பேசும்படமாக வேண்டும் என்று கேட்டதே கீட்டன்தான். எம்ஜிஎம் கொடுக்கவில்லை. 1933-ல் வேலையை விட்டும் நீக்கியது. பிறகு அதே ஸ்டூடியோவில் மற்றவர்களுக்குக் காமெடி யோசனை சொல்லும் சம்பளக்காரராகத் திரும்பினார். இயக்குநர் என்று கார்டில் அவர் பெயர் மறுபடி வந்தது 1938-ல், அங்கே எடுத்த மூன்று குறும்படங்களில். எதிலும் அவர் நடிக்கவில்லை.